சட்டி ஹெல்மெட்டும் என் தாடையும்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடப் போகிறார்கள். இன்றும் நாளையும் கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டதால் பழவேற்காட்டுப் பக்கம் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் படகுகள் எல்லாம் மணலில் கிடக்கின்றன. கரைக்கு மீன் வராவிட்டால் எனக்கும் வேலை இல்லை. நான் ஏலம் விடுகிறவள். படகிலிருந்து மீனை மணலில் கொட்டியதும், சுற்றி நிற்கும் வியாபாரிகளிடம் விலை கூவி விற்றுக் கொடுப்பது என் தொழில். பெயர் கஸ்தூரி.

ஓய்வு கிடைத்ததால் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இப்போதெல்லாம் குப்பத்தில் யார் பைக் வாங்கினாலும் எந்த ஹெல்மெட் எடுக்கலாம் என்று என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். என் தாடைத் தழும்பைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல அலுப்பாக இருக்கிறது. நிறையப் பேசினால் காதுக்குக் கீழே இன்னும் வலி எடுக்கிறது. எழுதிவிட்டால் படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

எங்கள் வீட்டில் இரண்டு ஹெல்மெட்கள் இருந்தன. ஒன்று முழு ஹெல்மெட். மண்டை, காது, கன்னம், தாடை எல்லாவற்றையும் மூடும், முன்னால் கண்ணாடி இறங்கும். பைக் வாங்கியபோதே வாங்கியது. அது என் வீட்டுக்காரர் ஏழுமலைக்கு. மற்றது சட்டி. மண்டையின் மேல்பாதியை மட்டும் மூடிவிட்டுக் காதுக்கு மேலேயே முடிந்துவிடும். மல்லாக்க வைத்தால் குழம்புச் சட்டி போலவே இருக்கும். பின்னால் உட்காருகிறவர்களும் ஹெல்மெட் போட வேண்டும் என்று போலீஸ் வண்டிகளை நிறுத்த ஆரம்பித்த சமயத்தில், பொன்னேரியில் ரோட்டோரத்தில் வாங்கினோம்.

எனக்கும் முழு ஹெல்மெட்டே எடுக்கலாம் என்று அவர் அன்று சொன்னார். போட்டுப் பார்த்தேன். கொண்டை இடித்தது. விடுகிற மூச்சு சூடாக என் முகத்துக்கே திரும்பி வந்தது. கரையிலிருந்து நேராக வந்து வண்டியில் ஏறுகிறவள் நான். கவிச்சி வாடை உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். போகிற வழியில் வியாபாரிகளுக்குப் போன் பேச வேண்டும், அவரிடம் பத்து விஷயம் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு போவது எனக்கு ஆகாது என்று சட்டியை எடுத்துக்கொண்டேன். போலீசும் அதைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிடுவார்கள்.

விபத்து பெரிய கதை இல்லை. பொன்னேரியில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குக் காலையில் கிளம்பினோம். பட்டுப்புடவை கட்டியிருந்ததால் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தேன். மடியில் சீர் பாத்திரம் வைத்த பை. மெதூர் தாண்டியதும் வேலிகாத்தான் புதரிலிருந்து ஒரு ஆடு ரோட்டுக்குப் பாய்ந்தது. அவர் வேகமாகப் போகவில்லை. ஆனால் லாரியிலிருந்து கொட்டிய மணல் ரோட்டோரம் எல்லாம் பரவியிருந்தது. பிரேக் பிடித்ததும் சக்கரம் அதில் வழுக்கியது. இரண்டு பேரும் முன்பக்கமாக விழுந்தோம். தார் ரோடு முகத்துக்கு அருகில் வந்தது நினைவிருக்கிறது. ஆடு ஓடிப்போய்விட்டது.

முதலில் வலி தெரியவில்லை. வாயை மூடப் பார்த்தேன், மூட முடியவில்லை. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. வேறு யாருடைய பல்லையோ என் வாயில் வைத்த மாதிரி இருந்தது. அவர் எழுந்து வந்து தன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் தன் துண்டை எடுத்து என் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை. என்னிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பதில் சொல்லப் போனால் ரத்தமும் எச்சிலும்தான் வந்தன.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் தாடைக்கு அடியில் கிழிந்த இடத்தைத் தைத்து, தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டு, சென்னைக்கு அனுப்பினார்கள். சென்னையில் பெரிய அரசு மருத்துவமனை. நீளமான நடை, இரண்டு பக்கமும் பெஞ்சு, பெஞ்சு நிறைய ஆட்கள். எங்கே எதற்குக் காத்திருக்கிறோம் என்று புரியாமலேயே காத்திருந்தோம். ஒரு அறைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வழியாக உள்ளே போனால், வேறு ஒரு கட்டிடத்துக்குப் போய்ப் படம் எடுத்து வரச் சொல்வார்கள். அங்கே இன்னொரு பெஞ்சு. முகத்தைச் சுற்றி ஒரு மிஷின் அரைவட்டமாக ஓடிப் பல் வரிசை முழுவதையும் ஒரே எக்ஸ்ரேயில் எடுத்தது. அசையாமல் நிற்கச் சொன்னார்கள். மூச்சு விடும்போது தாடை தானாகவே ஆடியது, அதை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

தலைக்கு ஸ்கேன் எடுக்கக் காத்திருந்தபோது எங்கள் பக்கத்தில் எளாவூர்க்காரப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். மடியில் ஒரு முழு ஹெல்மெட் வைத்திருந்தாள். புத்தம் புதியது, கண்ணாடியின் மேல் ஒட்டியிருந்த பாலிதீன் தாளைக்கூட உரிக்கவில்லை. அவள் வீட்டுக்காரரை உள்ளே எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பேச்சு காதில் விழுந்ததும் என் வீட்டுக்காரரிடம் பேச ஆரம்பித்தாள். செக்போஸ்ட்டில் போலீஸ் நிற்கும், அங்கே மட்டும் அவள் வீட்டுக்காரர் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வாராம். தாண்டியதும் கழற்றி டேங்க் மேல் வைத்துக்கொள்வாராம். அன்று செக்போஸ்ட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருக்கிறார்.

"ஒரு கீறல் கூட இல்ல பாருண்ணா," என்று ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். "அப்டியே கீது."

இவர் தலையை ஆட்டினார். அவளை உள்ளே கூப்பிட்டார்கள். ஹெல்மெட்டைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனாள். இவர் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டவே இல்லை. கடைசியில் வாசலில் நின்ற ஊழியரிடம் கொடுத்துவிட்டு வந்தார். அவள் வீட்டுக்காரர் பிழைத்தாரா என்று எங்களுக்குத் தெரியாது. அதன் பிறகு நாங்கள் அவளைப் பார்க்கவில்லை.

என் தலைக்குள் ரத்தக் கசிவு எதுவும் இல்லை என்று ஸ்கேனில் வந்தது. தாடையைப் பார்க்கும் டாக்டர் ஒரு இளம்பெண். படத்தை வெளிச்சத்தில் பிடித்து எங்களுக்கு விளக்கினார். கீழ்த்தாடை எலும்பு வளையல் மாதிரி வளைந்தது, ஒரு பக்கம் அடி பட்டால் இன்னொரு பக்கமும் உடையும் என்றார். எனக்கு முகவாய்க்கட்டையில் ஒரு முறிவு. அந்த அடி எலும்பு வழியே ஏறி, காதுக்கு முன்னால் தாடை அசைகிற மூட்டுக்குக் கீழே இன்னொரு முறிவு. முன்னால் உடைந்த இடத்தில் சின்ன உலோகப் பட்டை வைத்துத் திருகாணி போட்டு இணைப்பார்கள், அதற்குப் பிளேட் என்று பெயர். மூட்டுப் பக்கத்தைத் திறக்காமல், மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். வாய் அசையாமல் இருந்தால் எலும்பு தானாகக் கூடும்.

எத்தனை நாள் என்று இவர் கேட்டார். சில வாரங்கள் ஆகும் என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்து, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். எனக்குப் பதிலாக இவர் சொன்னார். டாக்டர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார்.

விழுந்தபோது தலையில் என்ன போட்டிருந்தீர்கள் என்றும் கேட்டார். மறுநாள் இவர் இரண்டு ஹெல்மெட்களையும் அரிசிப் பையில் போட்டு எடுத்து வந்தார். டாக்டர் சட்டியை எடுத்து மேலே தேய்ந்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது இல்லாம இருந்தா நான் உங்களைப் பார்த்திருக்க மாட்டேன்," என்றார். "வேற வார்டுல இருந்திருப்பீங்க. ஆனா இது காதுக்கு மேலயே நின்னுடுது. கீழ ஒண்ணுமே இல்ல. முகம்தான் வாங்கிக்கணும்."

பிறகு இவருடைய ஹெல்மெட்டை எடுத்தார். வாய்க்கு முன்னால் வளைந்து வருகிற கட்டையில், சரியாக முகவாய் இருக்கும் இடத்தில், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஆழமாகத் தேய்ந்திருந்தது. வெள்ளையாக உள்பாகம் தெரிந்தது. டாக்டர் அதை எங்களுக்குக் காட்டிவிட்டு மேசையில் வைத்தார். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அதே ரோட்டில், அதே மாதிரி விழுந்தவர் அவர். உதட்டில் சின்னக் காயத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

அன்று மாலை என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அந்தத் தேய்ந்த இடத்தையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். வீட்டில் நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு வார்த்தை பேசுவார். அப்படிப்பட்ட மனிதர்.

"எனக்கு வாயி இருந்து இன்னாமே பண்ணப் போறேன்," என்றார். "வாயி உன்னுது. நான் போட்டுக்கினு வந்துட்டேன் பாரு."

நான்தான் வேண்டாம் என்றேன், நீ என்ன செய்வாய் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. கட்டுப் போட்ட வாயால் சொல்ல முடியவில்லை. கையை எடுத்து அவர் முழங்காலில் வைத்தேன். அவர் ஹெல்மெட்டைப் பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வார்டு முழுக்க ஆட்கள் இருக்கும்போதே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

வீக்கம் வடிந்தால்தான் ஆபரேஷன் என்று சொல்லி அப்படியே படுக்க வைத்திருந்தார்கள். வெறுமனே காத்திருந்த அந்த நாட்கள்தான் என்னை அதிகமாக அயர வைத்தன. காலையில் ரவுண்ட்ஸ் வருவார்கள், கன்னத்தை அழுத்திப் பார்ப்பார்கள், இன்னும் போகட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். எனக்கோ கரை நினைப்பு. ஏலத்துக்கு ஆள் இல்லையென்றால் மீன் மணலில் காத்திருக்காது. யாராவது வந்து நின்றுவிட்டால், அந்த இடம் அப்படியே அவர்களுக்குப் போய்விடும். நான் குணமாகித் திரும்பும்போது எனக்கு இடமே இருக்காது.

இதைப் பேசித் தீர்க்க முடியாது என்பதால், படுத்தபடியே இவரைப் பார்த்துக் கடல் இருக்கும் திசையில் கையைக் காட்டினேன். புரிந்துகொண்டார். மறுநாள் முதல் விடியற்காலையில் கரைக்குப் போய் அவரே ஏலம் விட ஆரம்பித்தார். வலை இழுக்கும்போதுகூட மற்றவர்கள் சத்தம் போட, சும்மா இழுக்கிற மனிதர் அவர். வியாபாரிகள் கேலி செய்தார்களாம். விலையைக் காதோடு சொல்கிறாயா என்று கேட்டார்களாம். கத்திப் பழக்கமில்லாததால் சீக்கிரமே தொண்டை போய்விட்டது. ஏலம் முடித்துவிட்டு பஸ் பிடித்து மதியத்துக்கு மேல் என்னிடம் வந்தால், காற்றுதான் வரும், குரல் வராது.

அப்படியானால் பகலில் என்னோடு யார் இருப்பது? வந்தவள் பவானி. இவருடைய தங்கை, பக்கத்தில் தோணிரேவு ஊரில் கட்டிக் கொடுத்தது. அவளுக்கும் எனக்கும் பேச்சு நின்று போய் நாளாகியிருந்தது. அவள் மகள் சடங்குக்கு எங்களை நேரில் வந்து அழைக்கவில்லை, போனில் சொல்லிவிட்டாள் என்று நான் போகாமல் இருந்துவிட்டேன். அதிலிருந்து வழியில் பார்த்தாலும் இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம். அவள் கூடையோடு வார்டுக்குள் வந்து நின்றதும் எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கூடையைக் கீழே வைத்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, உன்னால பேச முடியாது. அதனால நான் சொல்றதெல்லாம் கேட்டுத்தான் ஆவணும்," என்றாள்.

அன்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அந்தச் சடங்குக்கு ஏன் நேரில் வர முடியவில்லை என்பதில் தொடங்கினாள். அவள் மாமியார் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாராம், எனக்கு அது தெரியாது. பிறகு ஏரியில் இறால் வரத்து, பழவேற்காட்டில் டச்சுக்காரன் கல்லறைக்குப் பக்கத்தில் புதிதாக வந்திருக்கும் துணிக்கடை, அவள் வீட்டுக்காரர் வலையைப் பக்கத்து ஊர்க்காரன் வெட்டிவிட்ட சண்டை என்று போய்க்கொண்டே இருந்தாள். முதல் நாள் எரிச்சலாக இருந்தது. பிறகு அவள் குரலைக் கேட்டபடியே தூங்கிப் போவேன். மதியம் இவர் வந்து தொண்டை கட்டிய குரலில் ஏதோ சொல்ல முயல்வார். பவானி இருவரையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

"அண்ணனுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு, உனுக்கு வாய கட்டப் போறாங்கோ," என்றாள் ஒருமுறை. "ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிக்கிறேன்."

ஆபரேஷனுக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு மயக்கம் கொடுத்தார்கள். கண் விழித்தபோது நாக்கு ஒரு பூட்டிய அறைக்குள் இருந்தது. பல்லுக்குப் பல் கம்பி. நாக்கை எந்தப் பக்கம் தள்ளினாலும் கம்பி முனை தட்டுப்பட்டது. மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. உண்மையில் மூக்கால் மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அதை மனசுக்குச் சொல்லிப் புரிய வைக்க வெகு நேரம் ஆனது. கீழுதடும் முகவாயும் மரத்துப் போயிருந்தன. நரம்பு இழுபட்டிருக்கிறது, மெதுவாகத் திரும்பலாம், முழுவதும் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

சாப்பாடு கடைசிப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளி வழியாகத்தான். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் சின்ன ரப்பர் குழாயை மாட்டி, கன்னத்துக்குள் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். கஞ்சித் தண்ணீர், இளநீர், பால். இவற்றிலேயே நாட்கள் போனபோது எனக்கு வாழ்வே கசந்துவிட்டது. பவானி ஒரு நாள் நண்டை இடித்து, மிளகு போட்டு ரசம் வைத்து, ஓடு ஒரு துணுக்குக்கூட வராமல் மெல்லிய துணியில் மூன்று தரம் வடிகட்டி, பிளாஸ்கில் கொண்டு வந்தாள். தோணிரேவிலிருந்து சென்னை வரை பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அந்த ரசம் நாக்கில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகுக் காரம் என்று அவள் நினைத்துக்கொண்டு, இன்னும் வடிகட்டியிருக்க வேண்டுமோ என்று கேட்டாள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது நர்ஸ் இவரிடம் கம்பி வெட்டும் கட்டிங் பிளேயர் ஒன்றை வாங்கி எப்போதும் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். வாந்தி வந்து மூச்சு அடைத்தால், எந்தெந்தக் கம்பியை வெட்ட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். அவசியமில்லாமல் வெட்டினால் திரும்ப மயக்கம் கொடுத்து முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். இவர் அதை வலைக்கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்க விட்டுக்கொண்டார். சட்டைக்குள் அது இடித்துக்கொண்டே இருந்தது.

வாடகைக் காரில் ஊருக்குத் திரும்பினோம். பவானி என் பக்கத்தில், இவர் முன்னால். மீஞ்சூர் பக்கம் லாரிகளுக்கு நடுவில் வண்டி நின்று நின்று போனதில் வயிறு புரட்டியது. கையைக் காட்டுவதற்குள் வந்துவிட்டது. வந்ததற்கு வெளியே போக வழியில்லை. வாய் நிரம்பி, மூக்கில் ஏறி, கண் இருட்டியது. வண்டி நின்றது. இவர் கதவைத் திறந்து என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். கையில் கட்டிங் பிளேயர். என் உதட்டை விலக்கி முதல் கம்பியில் அதை வைத்தார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பவானி என் பிடரியைப் பிடித்து முகத்தைக் கீழே தாழ்த்தினாள். "குனி அண்ணி. குனிஞ்சிக்கினு பல்லு சந்துல ஊது," என்றாள். ஊதினேன். கஞ்சித் தண்ணீர்தான் என்பதால் பல் இடுக்குகள் வழியாக ஒழுக ஆரம்பித்தது. மூக்கைச் சிந்தினேன். ஒரு நூல் அளவு காற்று உள்ளே போனது. பிறகு இன்னும் கொஞ்சம். இவர் கம்பியில் வைத்த கருவியை எடுக்காமலேயே என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று மெதுவாகத் தலையை அசைத்தேன். என்னை நம்பினார். எடுத்துவிட்டார்.

வெட்டியிருந்தால் மறுபடி அந்த வார்டு, அந்தப் பெஞ்சுகள், அந்தக் குழாய். அதை இன்னொரு முறை தாங்கும் தெம்பு எனக்கு இல்லை. ரோட்டோரத்தில் உட்கார்ந்து மூன்று பேரும் அவரவர் மூச்சை வாங்கினோம். டிரைவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து தள்ளியே நின்றார்.

கம்பியைக் கழற்றியது ஒரு சாதாரணக் காலையில். வாய் திறந்ததும் நிறையப் பேசப் போகிறேன் என்று நினைத்திருந்தேன். ஒரு விரல் அளவுதான் திறந்தது. வெளியே பவானி காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள்.

"சாப்ட்டியா?" என்று கேட்டேன்.

குழறலாகத்தான் வந்தது. அவள் இல்லை என்றாள். மூன்று பேரும் கேன்டீனுக்குப் போனோம். அவர்கள் இட்லி சாப்பிட, நான் காபியை விளிம்பில் வழியவிட்டுக் குடித்தேன். மரத்த உதட்டில் வழிவது தெரியாது. பவானி கையை நீட்டித் துடைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பயிற்சி. ஐஸ் குச்சிகளை அடுக்காகச் சேர்த்துப் பல்லுக்கு நடுவில் வைத்து, தாங்குகிற மட்டும் திறக்க வேண்டும். பழகப் பழக ஒவ்வொரு குச்சியாகக் கூட்ட வேண்டும். கரைக்குத் திரும்பியபோது வேறு ஒரு தொல்லை. உதடு மரத்திருந்தால் ப, ம, வ வராது. எனக்கு வேண்டிய மீன் பெயர்களோ மடவை, பாறை, வவ்வால், வஞ்சிரம். முதல் நாள் நான் கூவியது எனக்கே புரியவில்லை. வியாபாரிகள் சிரிக்கவில்லை, அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. இவர் என் பக்கத்தில் நின்று, நான் சொன்ன மீன் பெயரையும் விலையையும் திருப்பிச் சொன்னார். அதற்குள் அவருக்குக் குரல் பழகியிருந்தது. சில வாரங்கள் இரண்டு பேருமாகத்தான் ஏலம் விட்டோம்.

பைக்கை அவர் தார்ப்பாயால் மூடிக் கயிறு போட்டுக் கட்டிவைத்துவிட்டார். பொன்னேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நான் பஸ்ஸில் போனேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தே பாதி நாள் போனது. போதும் என்று ஆனபோது டாக்டரிடமே கேட்டேன். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, வண்டியில் போகலாம், ஆனால் சட்டியோடு போனால் என்னைப் பார்க்க வராதீர்கள் என்றார். ஒருமுறை அடி வாங்கிய ஹெல்மெட் மறுமுறை காப்பாற்றாது, வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கியிருக்கும், இரண்டையும் தூக்கிப் போடுங்கள் என்றும் சொன்னார்.

பொன்னேரிக் கடைக்கு பஸ்ஸில்தான் போனோம். வாசலிலேயே சட்டிகள் அடுக்கியிருந்தன. உள்ளே, தாடைப் பகுதியை மேலே தூக்கிக்கொள்ளும் வகை ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். பேசும்போது தூக்கிக்கொள்ளலாம் என்றார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் என்னை எனக்குத் தெரியும். கிளம்பும்போது தூக்குவேன், போய்ச் சேரும்வரை இறக்க மாட்டேன். அசையாத முழு ஹெல்மெட்டையே கேட்டேன். அளவு பார்ப்பதுதான் பெரும்பாடு. பெரிதாக இருந்தால் கன்னத்தில் அழுத்தவில்லை, ஆனால் தலையை ஆட்டினால் தனியாகச் சுற்றியது. சரியாகப் பிடித்ததோ காதுக்கு முன்னால் முறிந்திருந்த இடத்தில் அழுத்தியது. வலி கண்ணைச் சுருக்க வைத்தது. இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேணாம்மே, பஸ்ஸுலயே போலாம் என்றார்.

நான் கழற்றவில்லை. கடையிலேயே அதோடு உட்கார்ந்திருந்தேன். கொண்டையை அவிழ்த்துத் தாழ்வாகப் பின்னிக்கொண்டதும் கொஞ்சம் இடம் கிடைத்தது. உள்ளே இருக்கும் பஞ்சு போகப் போக அமுங்கும் என்று கடைக்காரர் சொன்னார். வலி நிற்கவில்லை, ஆனால் தாங்க முடிந்தது. வார்டில் தாங்கியதில் இது கால்வாசிகூட இல்லை. இதுவே போதும் என்றேன்.

பிறகு அவருக்கும் ஒன்று எடுக்கச் சொன்னேன். தன்னுடையது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, தாடைப் பக்கம் மட்டும்தானே தேய்ந்திருக்கிறது என்றார். டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். அவர் அதை விட மனசில்லாமல் நின்றார்.

"அது உன்ன ஒருவாட்டி காப்பாத்திச்சி. அதோட வேல முடிஞ்சிச்சி," என்றேன். "எனக்கு நீ வேணும்யா. அந்தப் பழசு வேணாம்."

ப, வ எல்லாம் அன்று ஓரளவு தெளிவாகவே வந்தன. அவர் அலமாரியைப் பார்க்கத் திரும்பினார்.

அடுத்த வாரம் தார்ப்பாயைப் பிரித்துப் பைக்கைத் துடைத்து எடுத்தார். இரண்டு பேரும் முழு ஹெல்மெட்டோடு கிளம்பினோம். உள்ளே உஷ்ணம்தான், வாடைதான். நான் சொல்வது அவருக்குக் கேட்கவில்லை, அவர் சொல்வது எனக்குக் கேட்கவில்லை. புடவை கட்டியிருந்தும் ஒரு பக்கமாக உட்காராமல், கால்களை இரண்டு பக்கமும் போட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் வேகத்தடையில் பிரேக் பிடித்தபோது என் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் டொக்கென்று இடித்தது. இரண்டு முழு ஹெல்மெட்கள் ஒரே வண்டியில் போனால் அப்படித்தான் இடிக்கும் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது.

மெதூர் தாண்டி அந்த இடம் வந்தது. அன்று ரோடு சுத்தமாக இருந்தது, ஆடு மாடு எதுவும் இல்லை. அவர் வேகத்தைக் குறைத்தார். பிரேக்கை லேசாகத் தொட்டார். என் ஹெல்மெட் அவருடையதில் இடித்தது. நான் பின்னால் இருப்பது அதில் தெரிந்துவிட்ட மாதிரி மறுபடி ஓட்டினார்.

பொன்னேரி போய்ச் சேரும்வரை, எந்தக் காரணமும் இல்லாமல் அவர் இடையிடையே பிரேக்கைத் தொட்டுக்கொண்டே ஓட்டினார்.